இரண்டு சுற்று வென்றால் போதும்: ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகளில் அயர்லாந்து கிளப்கள்

2025 கோடையில் டப்ளினின் ஷெல்பர்ன் அணி ஐரோப்பாவில் நான்கு எதிரணிகளைச் சந்தித்தது. ஜூலையில் தனி லீக் கொண்ட வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த லின்ஃபீல்டை, இரண்டு லெக்கும் (சொந்த ஊரில் ஓர் ஆட்டம், வெளியூரில் ஓர் ஆட்டம்) சேர்த்து 2-1 என்று வென்றது. அடுத்து அஜர்பைஜானின் கராபாக்கிடம் 0-4 என்று தோற்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில் குரோஷியாவின் ரியெக்காவை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்றுவிட்டு, சொந்த ஊரில் 1-3 என்று கோட்டைவிட்டது. கடைசித் தகுதிப் படியான பிளே-ஆஃப்பில் மறுபடியும் அதே லின்ஃபீல்ட், இந்த முறை 5-1. முடிவில் ஷெல்பர்ன், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் லீக் சுற்றுக்குள் போய்விட்டது.

நான்கு மோதல்களில் இரண்டு தோல்வி. வென்ற இரண்டும் ஒரே கிளப்பை எதிர்த்து. இதைப் பார்த்து அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. ஐரோப்பியத் தகுதிச் சுற்றின் அமைப்பைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. 2022-இல் டப்ளினின் இன்னொரு கிளப்பான ஷாம்ராக் ரோவர்ஸ் உள்ளே போனதும் இப்படித்தான்: மால்டாவின் ஹிபர்னியன்ஸை வென்றார்கள், பல்கேரியாவின் லுடோகோரெட்ஸிடம் தோற்றார்கள், வடக்கு மாசிடோனியாவின் ஷ்குப்பியை வென்றார்கள், ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஷிடம் தோற்றார்கள். 2024-இலும் அதே வரிசைதான். ஐஸ்லாந்தின் விக்கிங்கூர் வெற்றி, ஸ்பார்டா பிராக் தோல்வி, ஸ்லொவேனியாவின் செல்யே வெற்றி, கிரீஸின் பாவோக் தோல்வி. இரண்டு வென்று இரண்டில் தோற்றால் டிசம்பர் வரை ஐரோப்பாவில் ஆடலாம். அயர்லாந்து கால்பந்தின் அண்மைக்கால வளர்ச்சி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

கணக்கு இது. அயர்லாந்தின் லீக் சாம்பியன் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் நுழைகிறது. அங்கே வென்றுவிட்டால் அதன்பின் வரும் ஒவ்வொரு தோல்வியும் அதை வெளியே தள்ளாது, ஒரு படி கீழே இறக்கும். சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் சுற்றில் தோற்றால் யூரோப்பா லீக்கின் மூன்றாம் சுற்று. அங்கும் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீக்கின் பிளே-ஆஃப். அங்கும் தோற்றால்தான் ஊர் திரும்ப வேண்டும். இந்த மூன்றில் எந்த ஒன்றை வென்றாலும் குறைந்தபட்சம் கான்ஃபரன்ஸ் லீக்கின் லீக் சுற்று உறுதி. யூரோப்பா லீக் மூன்றாம் சுற்றை வென்றவர் அடுத்த பிளே-ஆஃப்பில் தோற்றாலும் கான்ஃபரன்ஸ் லீக்கில் இடம் உண்டு. ரோவர்ஸ் 2022-இலும் 2024-இலும் பிடித்தது இந்தப் படியைத்தான். ஷெல்பர்ன் பிடித்தது அதற்கும் கீழே இருந்த கடைசிப் படியை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மூன்று படிகளும் சாம்பியன்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எதிரே வருபவர்கள் வேறு நாட்டு லீக்குகளை வென்றவர்கள். பெரிய லீக்கில் நான்காவதோ ஐந்தாவதோ வந்த பணக்கார அணிகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. செல்யே, ஷ்குப்பி, லின்ஃபீல்ட் எல்லாம் நல்ல அணிகள்தான், ஆனால் அயர்லாந்து அணி நிமிர்ந்து நின்று ஆடக்கூடிய அணிகள்.

இதனால் ஜூலை இரண்டாம் வாரத்தில் வரும் அந்த முதல் சுற்றுதான் அயர்லாந்து கால்பந்தின் ஆண்டிலேயே மிக விலை உயர்ந்த போட்டி. கோப்பை இறுதிப் போட்டியை விடவும், லீக் பட்டத்தை முடிவு செய்யும் கடைசி நாளை விடவும். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீஃபன் பிராட்லியின் ரோவர்ஸ் அணி முந்தைய ஆண்டு குழுச் சுற்றில் (லீக் சுற்றுக்குப் பதில் அப்போது இருந்தது) ஆடிய அணி, அடுத்த ஆண்டு நாக்-அவுட் வரை போகப்போகிற அணி. அந்த ஆண்டு முதல் சுற்றில் ஐஸ்லாந்தின் பிரெய்தாப்லிக்கிடம் டப்ளினில் 0-1, அங்கே 1-2 என்று தோற்றது. முதல் சுற்றில் தோற்ற சாம்பியன் கான்ஃபரன்ஸ் லீக்கின் இரண்டாம் சுற்றுக்கு இறங்கும். அதன்பின் தொடர்ந்து மூன்று மோதல்களை வெல்ல வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் அவ்வளவுதான். அங்கே எதிரே வந்தது ஃபெரென்ட்ஸ்வாரோஷ். அவர்களும் ஃபாரோ தீவுகளின் கேஐ கிளாக்ஸ்விக்கிடம் தோற்று இறங்கியிருந்தார்கள், கோபத்தோடு இருந்தார்கள். 0-4, 0-4. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ரோவர்ஸின் ஐரோப்பா முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே அணி, அதே பயிற்சியாளர், அதே மைதானம். மாறியது ஜூலையின் 180 நிமிடங்கள்.

முதல் சுற்றில் தோற்றும் தாக்குப்பிடித்த ஆண்டும் ஒன்று உண்டு. 2021-இல் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவிடம் தோற்ற ரோவர்ஸ், அல்பேனியாவின் தெவ்தாவை இரண்டு லெக்கிலும் வென்று பிளே-ஆஃப் வரை போனது. அங்கே எஸ்டோனியாவின் ஃப்ளோரா தாலினிடம் 2-4, 0-1. வென்றிருக்கக்கூடிய மோதல் அது; இன்றும் அயர்லாந்து ரசிகர்கள் அதைச் சொல்லி வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1957-இல் ரோவர்ஸ் முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பையில் ஆடியபோது மான்செஸ்டர் யுனைடெட் டப்ளினின் டேலிமவுண்ட் பார்க்கில் 6-0 என்று அடித்தது. ஓல்ட் டிராஃபோர்டில் 3-2. அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் பெரிய கிளப் ஒன்று வந்து போவதைப் பார்த்து ரசித்த ஆண்டுகள்தான். நிலைமை மாறத் தொடங்கியது 2003-இல். அந்த ஆண்டு லீக் ஆஃப் அயர்லாந்து குளிர்காலத்தை விட்டுவிட்டு வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் ஆட்டக்காலத்துக்கு மாறியது. மறு ஆண்டே பாட் ஃபென்லனின் ஷெல்பர்ன், ஸ்ப்ளிட்டில் ஹைடுக்கிடம் 2-3 என்று தோற்றும், டோல்கா பார்க்கில் 2-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கின் மூன்றாம் தகுதிச் சுற்றுக்குப் போனது. அங்கே லான்ஸ்டவுன் ரோடில் டிபோர்டிவோ லா கொருன்யாவை 0-0 என்று நிறுத்தியது. ஸ்பெயினில் 0-3.

இந்த ஆட்டக்கால மாற்றம் ஏன் இவ்வளவு உதவுகிறது என்பது எளிது. ஜூலை முதல் வாரத்தில் அயர்லாந்து அணி இருபதுக்கும் மேற்பட்ட லீக் போட்டிகளை ஆடி முடித்திருக்கும். பல்கேரியா, ஸ்லொவேனியா, ஸ்காட்லாந்து அணிகள் அப்போதுதான் விடுமுறை முடிந்து பயிற்சி முகாமில் இருக்கும். 2022-இல் ஸ்லைகோ ரோவர்ஸ் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லை இரண்டு லெக்கிலும் வென்றபோது (1-0, 2-0) அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் இந்தச் சலுகைக்குக் காலாவதி உண்டு. ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் எதிரணிகள் உடல்தகுதியை எட்டிவிடும், புதிதாக வாங்கிய வீரர்களும் அணியில் பொருந்தியிருப்பார்கள். அயர்லாந்து அணிக்கோ அப்போதுதான் தசைப்பிடிப்புகளும் காயங்களும் சேரும் நேரம். நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து, பால்டிக் நாட்டு அணிகளிடம் இந்தச் சலுகை எப்போதுமே செல்லாது, அவர்களும் கோடையில்தான் ஆடுகிறார்கள். ஸ்லைகோ மதர்வெல்லைத் தாண்டியதும் நார்வேயின் வைக்கிங்கிடம் 1-5 என்று சிக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிட்டத்தட்ட எல்லா அயர்லாந்து அணிகளின் வெளியேற்றத்திலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது: வெளியூரில் ஒரு லெக், அதில் ஓர் இருபது முப்பது நிமிடம். 2022-இல் லுடோகோரெட்ஸிடம் 0-3, பிறகு டப்ளினில் 2-1 வெற்றி. அதே ஆண்டு ஃபெரென்ட்ஸ்வாரோஷிடம் 0-4, பிறகு 1-0 வெற்றி. ஸ்லைகோவுக்கு வைக்கிங்கிடம் 1-5, பிறகு 1-0 வெற்றி. 2024-இல் டெரி சிட்டி ஜிப்ரால்டரின் புரூனோஸ் மேக்பைஸிடம் 0-2, பிறகு 2-1 வெற்றி. சொந்த மண்ணில் வெல்லத் தெரிந்த அணிக்கு வெளியூரில் இரண்டு கோல் வித்தியாசத்துக்குள் நிற்கத் தெரியவில்லை. முதல் கோல் விழுந்ததும் அதைச் சமன் செய்யப் பாய்ந்து, பின்னால் இடத்தைத் திறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. வெள்ளிக்கிழமை லீக் ஆட்டத்தில் அந்த இடத்தை எதிரணி பயன்படுத்த ஐந்தாறு நொடி எடுக்கும், தடுக்க ஆள் திரும்பி வந்துவிடுவார். ஃபெரென்ட்ஸ்வாரோஷின் முன்வரிசைக்கு மூன்று நொடி போதும். 60-ஆவது நிமிடத்துக்குப் பிறகு இது இன்னும் மோசமாகிறது. ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி ஆழமான அணிக்குத்தான் வரம். அங்கே பெஞ்சிலிருந்து வருபவர் நாட்டு அணி வீரர், இங்கே வருபவர் பெரும்பாலும் பத்தொன்பது வயதுப் பையன்.

மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணி வெல்லும் என்ற வெளியூர் கோல் விதி 2021-இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் 0-1 என்று தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஒரு கோலுக்காக ரிஸ்க் எடுப்பதில் அர்த்தம் இருந்தது. 2016-இல் டண்டாக் ஐஸ்லாந்தின் எஃப்எச் அணியைத் தாண்டியதே 1-1, 2-2 என்று வெளியூர் கோல் கணக்கில்தான். இப்போது 0-1 என்பது நல்ல முடிவு. அதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்புவதே சரியான ஆட்டம். 2024-இல் செல்யேயிடம் 0-1 என்று தோற்றுத் திரும்பிய ரோவர்ஸ் டப்ளினில் தன் டாலா மைதானத்தில் 3-1 என்று வென்றது. 2025-இல் கொசோவோவின் பால்கானியிடம் அதே 0-1, திரும்பி வந்து 4-0. இந்த இரண்டு முதல் லெக்குகளையும் யாரும் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால், ரோவர்ஸ் ஐரோப்பாவில் கற்ற மிகப் பெரிய பாடம் இந்த இரண்டிலும்தான் தெரிகிறது.

மோதல் கையைவிட்டுப் போன பிறகு வரும் இரண்டாம் லெக்கை வெறும் சம்பிரதாயமாக நினைப்பதும் தவறு. இதற்குக் காரணம் கோஎஃபிஷியன்ட். ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து ஆண்டுப் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் எந்த நாட்டுக்கு எத்தனை இடம், எந்தச் சுற்றில் நுழைவு என்று முடிவாகிறது. தகுதிச் சுற்றில் ஒரு வெற்றிக்கு 1 புள்ளி, டிராவுக்கு 0.5. லீக் சுற்றில் இது இரட்டிப்பாகி 2, 1. பெனால்டி ஷூட்-அவுட் கணக்கில் வராது. ஓர் ஆண்டில் நாட்டின் எல்லாக் கிளப்களும் எடுத்த புள்ளியைக் கூட்டி, கிளப்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அயர்லாந்துக்கு வகுப்பது நான்கால். ஆக 0-4 என்று தோற்ற பின் ஃபெரென்ட்ஸ்வாரோஷை 1-0 என்று வென்ற அந்த ஆகஸ்ட் இரவு நாட்டுக் கணக்கில் 0.25 சேர்த்தது. கேட்கச் சின்னதாக இருக்கும். இந்த மட்டத்தில் அக்கம்பக்கத்து இரண்டு நாடுகளுக்கு இடையிலான வித்தியாசம் பல நேரம் அதைவிடக் குறைவு.

2024-25 லீக் சுற்றில் ரோவர்ஸ் செய்ததைப் போட்டுப் பாருங்கள். சைப்ரஸின் அபோயலுடன் 1-1, வடக்கு அயர்லாந்தின் லார்னுக்கு எதிராக 4-1, வேல்ஸின் தி நியூ செயின்ட்ஸை 2-1, வியன்னாவில் ராப்பிட்டுடன் 1-1, போஸ்னியாவின் போராக் பான்யா லூகாவை 3-0, கடைசியில் செல்சியிடம் 1-5. மூன்று வெற்றி, இரண்டு டிரா, ஒரு தோல்வி. 36 அணிகளில் பத்தாவது இடம். கோஎஃபிஷியன்டில் 3 × 2 + 2 × 1 = 8, நான்கால் வகுத்தால் 2.000. இடத்துக்கான போனஸ் தனி. நான்கு கிளப்களும் ஜூலையில் தலா இரண்டு போட்டி வென்றாலும் நாட்டுக்குக் கிடைப்பது இதே 2.000தான். ஒரு கிளப் டிசம்பர் வரை நீடிப்பதன் எடை எவ்வளவு என்று இதில் தெரியும். பலன் உடனே வராது. 2024-25 முடிவில் இருந்த தரவரிசை 2026-27-க்கான இடங்களைத்தான் தீர்மானிக்கிறது, இடையில் ஓர் ஆண்டு போகிறது.

நாட்டுக் கணக்கு ஒருபுறம், கிளப்பின் சொந்தக் கணக்கு இன்னொருபுறம். குலுக்கலில் யார் சீடட் (அதிகப் புள்ளியால் பலவீனமான பக்கத்து எதிரணி கிடைக்கும் அணி), யார் சீடட் இல்லை என்பதை முடிவு செய்வது இந்தச் சொந்தக் கணக்கு: கிளப்பின் ஐந்தாண்டுப் புள்ளிகள், அல்லது நாட்டின் கூட்டுத்தொகையில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கான்ஃபரன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினால் அந்த ஆண்டுக்கு 1 புள்ளி, இரண்டாம் சுற்றில் என்றால் 1.5, மூன்றாவதில் 2, பிளே-ஆஃப்பில் 2.5. அதாவது ஆண்டுதோறும் தவறாமல் ஐரோப்பாவுக்குப் போவதே ஒரு சேமிப்பு. ரோவர்ஸ் 2025-இல் ஜிப்ரால்டரின் செயின்ட் ஜோசப்ஸைப் போன்ற எதிரணியோடு தொடங்க முடிந்தது இந்தச் சேமிப்பால்தான்.

குலுக்கலில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று. அடுத்த சுற்றின் குலுக்கல், நடப்புச் சுற்று முடிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் இன்னும் முடியாத மோதலுக்கு, அதில் மோதும் இரண்டு கிளப்களில் அதிகமான கோஎஃபிஷியன்ட் எதுவோ அதுவே ஒட்டப்படும். சீடட் இல்லாத அணி சீடட் அணியை வீழ்த்தினால், அடுத்த சுற்றில் தோற்றவரின் சீடட் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு பெரிய வெற்றி இரண்டு சுற்றுக்கு உதவுவது இப்படித்தான். ஜூலையில் குலுக்கல் அட்டவணையைப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தன் அணியின் எதிரணி யார் என்பதை அல்ல. அந்த மோதலில் வெல்பவர் அடுத்த குலுக்கலில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை.

சாம்பியன் அல்லாத மூன்று கிளப்களுக்கு, தோற்றால் ஒரு படி கீழே தாங்கிக்கொள்ளும் இந்தப் பாதுகாப்பு வலையெல்லாம் கிடையாது. அவர்கள் கான்ஃபரன்ஸ் லீக்கின் பொதுப் பாதையில் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ நுழைகிறார்கள். ஒரு மோதலில் தோற்றால் வெளியே. மூன்று அல்லது நான்கு மோதல்களைத் தொடர்ச்சியாக வெல்ல வேண்டும், ஆகஸ்ட் ஆக ஆக எதிரணி கனமாகும். 2021-இல் பொஹீமியன்ஸ் ஐஸ்லாந்தின் ஸ்ட்யார்னனையும் லக்சம்பர்க்கின் டூடலாஞ்சையும் தாண்டி, அவிவா மைதானத்தில் பாவோக்கை 2-1 என்று வென்றது. தெசலோனிக்கியில் 0-2. முடிந்தது. 2024-இல் செயின்ட் பேட்ரிக்ஸ் லீக்டன்ஸ்டைனின் வாடூஸையும் அஜர்பைஜானின் சபாவையும் வென்று பிளே-ஆஃப்பில் இஸ்தான்புல் பஷாக்ஷெஹிரை டாலாவில் 0-0 என்று நிறுத்தியது. இஸ்தான்புல்லில் 0-2. மறு ஆண்டு மூன்றாம் சுற்றிலேயே பெஷிக்டாஷ் வந்து நின்றது. டாமி ஆபிரகாம் முதல் லெக்கில் ஹாட்ரிக் அடித்தார், 1-4.

அதனால்தான் 2025-இல் ரோவர்ஸ் செய்ததை நான் ஷெல்பர்னின் சாதனைக்கு மேலே வைப்பேன். அதற்கு முன் குழுச் சுற்றுக்கோ லீக் சுற்றுக்கோ போன அயர்லாந்து அணிகள் எல்லாமே சாம்பியன்களாக நுழைந்தவை: 2011, 2016, 2020, 2022, 2024. ரோவர்ஸ் 2025-இல் இரண்டாம் இடம் பிடித்த அணியாக, வலை இல்லாத பாதையில் போனது. செயின்ட் ஜோசப்ஸை வென்று, பால்கானியை வென்று, பிளே-ஆஃப்பில் போர்ச்சுகல் லீக்கில் ஐந்தாவது வந்த சாண்டா கிளாராவைச் சந்தித்தது. அஸோர்ஸ் தீவில் முதல் லெக் 2-1 வெற்றி. டாலாவில் 0-0. ஷெல்பர்னும் அதே வாரம் உள்ளே போக, ஒரே ஆண்டில் இரண்டு அயர்லாந்து கிளப்கள் லீக் சுற்றில் ஆடுவது முதன்முறையாக நடந்தது.

அந்த முந்தைய பட்டியலில் 2011-ஐச் சும்மா கடந்து போக முடியாது. மைக்கேல் ஓ'நீலின் ரோவர்ஸ் யூரோப்பா லீக் பிளே-ஆஃப்பில் பார்டிசான் பெல்கிரேடைச் சந்தித்தது. டாலாவில் கேரி மெக்கேபின் கோலில் 1-1. பெல்கிரேடில் பார்டிசான் முன்னிலை எடுத்தது. 58-ஆவது நிமிடம், பந்து தரையில் படும் முன்பே பாட் சல்லிவன் அடித்த அடி வலையின் மேல்பகுதியில் விழுந்தது. கூடுதல் நேரத்தில் ஸ்டீஃபன் ஓ'டோனல் பெனால்டியைப் போட, 2-1. குழுச் சுற்றை எட்டிய முதல் அயர்லாந்து கிளப். குழுவில் டோட்டன்ஹாம், பாவோக், ரூபின் கசான், ஆறிலும் தோல்வி. ஐந்து ஆண்டு கழித்து அதே ஓ'டோனல் ஸ்டீஃபன் கென்னியின் டண்டாக் அணியில் இருந்தார். பெலாரஸின் பாட்டே போரிசோவிடம் 0-1 என்று தோற்று வந்தவர்கள், டேவிட் மெக்மில்லனின் இரண்டு கோலாலும் ராபி பென்சனின் ஒரு கோலாலும் 3-0 என்று திருப்பினார்கள். குழுவில் நெதர்லாந்தின் அல்க்மாரில் 1-1, மக்காபி டெல் அவிவுக்கு எதிராக 1-0. இரண்டு கோலும் கியரன் கில்டஃப் அடித்தவை. குழுச் சுற்றில் அயர்லாந்து கிளப் எடுத்த முதல் புள்ளியும் முதல் வெற்றியும் அவை. 2020-இல் கொரோனா காரணமாக ஒரே லெக்காக நடந்த தகுதிச் சுற்றில் டண்டாக் மறுபடி உள்ளே போனது, அர்செனல் இருந்த குழுவில் ஆறு போட்டியும் தோற்றது.

பாட்டேக்கு எதிரான அந்த 3-0 டண்டாக் நகரில் நடக்கவில்லை, டப்ளினின் டாலாவில் நடந்தது. மைதானப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. சுற்று உயர உயர ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா கேட்கும் மைதானத் தரமும் உயர்கிறது: விளக்கின் வெளிச்சம், இருக்கை எண்ணிக்கை, ஊடக அறை, கட்டுப்பாட்டு அறை. டண்டாக்கின் ஓரியல் பார்க், டெரியின் பிராண்டிவெல், செயின்ட் பேட்ரிக்ஸின் ரிச்மண்ட் பார்க் ஆகியவை தொடக்கச் சுற்றுகளோடு நின்றுவிடுகின்றன. 2023-இல் டெரி சிட்டி கஜகஸ்தானின் டோபோலை எதிர்த்து ஆடிய ‘சொந்த ஊர்’ லெக்கும் டாலாவில்தான். கொஸ்தனாய் போய் 0-1, அங்கிருந்து திரும்பி வந்து சொந்த நகரத்தைத் தாண்டி டப்ளினில் 1-0, பெனால்டியில் தோல்வி. பிராண்டிவெல்லின் செயற்கைப் புல்லில், தன் கூட்டத்தின் முன்னால் அந்தப் போட்டி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டெரிக்காரர்கள் கேட்பது வெறும் ஆதங்கம் கிடையாது. டாலா தெற்கு டப்ளின் கவுன்டி கவுன்சிலுக்குச் சொந்தமான மைதானம். 2024-இல் வடக்குக் காலரி கட்டி முடித்த பிறகு நான்கு பக்கமும் நிரம்பிவிட்டது. ரோவர்ஸுக்கு அது வீடு. மற்றப் பல கிளப்களுக்கு ஆகஸ்ட் வாடகை வீடு.

மைதானத்துக்கு வெளியேயும் வாய்ப்பு நழுவும். அயர்லாந்தின் தேசியக் கோப்பையான எஃப்ஏஐ கோப்பையை 2024-இல் வென்ற டிராஹெடா யுனைடெட், 2025-இல் ஐரோப்பாவில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அதன் உரிமையாளரான டிரிவெலா குழுமத்துக்கு டென்மார்க்கின் சில்கெபோர்கும் சொந்தம். இரண்டும் கான்ஃபரன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றன. ஒரே உரிமையாளரின் இரண்டு கிளப்கள் ஒரே போட்டியில் ஆடக் கூடாது, உரிமையை மார்ச் 1-க்குள் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தத் தேதி தவறியது. விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் ஜூனில் தள்ளுபடியானது. வெளிநாட்டு முதலீட்டை நம்பியிருக்கும் ஒவ்வொரு அயர்லாந்து கிளப்பும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட வேண்டிய தேதி அது.

ஆட்டக்காரர்கள் விஷயத்தில் பிரெக்ஸிட் செய்த உதவியை அதிகம் பேர் சொல்வதில்லை. 2021 ஜனவரி முதல் 18 வயது நிரம்பாத அயர்லாந்து வீரர் பிரிட்டன் கிளப்புக்குப் போக முடியாது. முன்பு பதினாறு வயதில் கப்பலேறியவர்கள் இப்போது இரண்டு மூன்று ஆண்டுகள் உள்ளூர் அணியில் பெரியவர்களோடு ஆடுகிறார்கள். செயின்ட் பேட்ரிக்ஸின் மேசன் மெலியாவை டோட்டன்ஹாம் 2025 பிப்ரவரியில் லீக்கின் சாதனைத் தொகைக்கு வாங்கியது. ஆனால் அவர் போனது 2026 ஜனவரியில். இடைப்பட்ட ஐரோப்பியப் போட்டிகளில் பேட்ரிக்ஸுக்கு அவர் இருந்தார். 2025 பிப்ரவரியில் கான்ஃபரன்ஸ் லீக் நாக்-அவுட்டில் ரோவர்ஸ் மோல்டேயை நார்வேயிலேயே 1-0 என்று வென்றபோது கோல் அடித்தவர் 16 வயது மைக்கேல் நூனன்.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கான்ஃபரன்ஸ் லீக்கின் லீக் சுற்றில் நுழைந்தாலே 31.7 லட்சம் யூரோ, ஒரு வெற்றிக்கு 4 லட்சம், டிராவுக்கு 1.33 லட்சம். ரோவர்ஸின் 2024 ஆட்டங்களைப் போட்டால், இடத்துக்கான பங்கும் டிக்கெட்டும் சேர்க்காமலே 46 லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. பத்து அணிகள் கொண்ட சின்ன லீக்கில் இது ஆட்டத்தின் சமநிலையையே புரட்டும் தொகை. அதே பணத்தை எதிர்பார்த்துச் சம்பளத்தை ஏற்றியவர்களின் கதையும் இங்கேதான் இருக்கிறது. டிபோர்டிவோவை நிறுத்திய ஷெல்பர்ன் 2006-இல் பட்டம் வென்ற கையோடு கடனில் மூழ்கி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த பட்டம் 2024-இல்தான், டேமியன் டஃப் பயிற்சியில். இரண்டு முறை யூரோப்பா லீக் குழுச் சுற்றில் ஆடிய டண்டாக் 2024-இல் தரமிறங்கியது. ஐரோப்பியப் பணத்தை அடுத்த ஆண்டுச் சம்பளக் கணக்கில் ஒருபோதும் எழுதக் கூடாது. பயிற்சித் திடல், இளையோர் அகாடமி, விமானச் செலவுக்கான ஒதுக்கீடு என்று ஒருமுறைச் செலவாகத்தான் எழுத வேண்டும்.

உள்ளே போன பிறகு வேறு வகைச் சிக்கல்கள். அயர்லாந்து லீக் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும், லீக் சுற்று டிசம்பர் மூன்றாம் வாரம் வரை போகும். ஆட்டக்கால முடிவோடு முடியும் ஒப்பந்தங்களை நீட்டிக்க வேண்டும். நீட்டிக்காவிட்டால் செல்சியை எதிர்த்து இறக்க ஆள் இருக்காது. நவம்பரில் லீக் போட்டியே இல்லாமல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐரோப்பிய அணியைச் சந்திப்பதென்றால் ஆட்ட வேகம் குறையும்; உள்ளுக்குள்ளேயே பயிற்சி ஆட்டம் ஏற்பாடு செய்துதான் சமாளிக்கிறார்கள். அதற்கும் முன்னால், ஜூலை முதல் அக்டோபர் வரை வியாழன் ஐரோப்பா, ஞாயிறு லீக் என்று ஓடி, தள்ளிப்போன போட்டிகளை இடையில் செருகி ஆட வேண்டியிருக்கும். 2024-இல் ரோவர்ஸ் பட்டத்தை ஷெல்பர்னிடம் கடைசி நாளில், இரண்டு புள்ளியில் இழந்தது. பட்டம் போனால் அடுத்த ஆண்டு சாம்பியன் பாதை போகும், வலை போகும். 2025-இல் ரோவர்ஸ் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றதால் 2026-க்கான அந்தப் பாதை மறுபடி அவர்கள் கைக்கு வந்தது. கோப்பைக்கான ஐரோப்பிய இடம் லீக்கில் நான்காவது வந்த அணிக்கு இறங்கியது.

மோல்டே மோதலின் இரண்டாம் லெக் பிப்ரவரி 20 அன்று டாலாவில் நடந்தது. ரோவர்ஸின் புதிய லீக் ஆட்டக்காலம் அந்த வாரம்தான் தொடங்கியிருந்தது. டிசம்பரில் செல்சிக்குப் பிறகு நடந்த நட்பு ஆட்டங்களை விட்டால் கால்கள் பழகவே இல்லை. 0-1, கூடுதல் நேரம், பெனால்டியில் 4-5. ஜூலையில் எதிரணிக்கு இருக்கும் அதே குறை பிப்ரவரியில் அயர்லாந்து அணிக்கு வந்துவிடுகிறது. நாக்-அவுட் வரை போக நினைக்கும் அணி ஜனவரி முதல் வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்கி, தெற்கு ஸ்பெயின் போன்ற இடத்தில் உண்மையான எதிர்ப்புத் தரும் அணிகளோடு மூன்று நான்கு முழு 90 நிமிட ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். லீக் நிர்வாகம் அந்த அணியின் தொடக்க வாரப் போட்டிகளை முன்கூட்டியே மாற்றித் தர வேண்டும். இரண்டுக்குமான திட்டத்தை நவம்பரிலேயே போட்டாக வேண்டும்.